கோதாவில் இறங்கியவள்

பனமலையில் ஊர்ப்பெயருக்குச் சாட்சி சொல்லப் பனைகள் இன்னும் மிச்சமிருக்கின்றன. புறநானூற்றின் 85ஆம் பாட்டை நடத்தும்போதெல்லாம் எனக்கு அந்தப் பனைகள்தாம் நினைவுக்கு வரும். சோழன் போரவைக்கோப்பெருநற்கிள்ளி மற்போர் செய்கிறான். நக்கண்ணையார் ஓடிவந்து, தன் வீட்டுப் பனையடியில் நின்று அவன் வெற்றியைப் பார்க்கிறார். ஊர் இரண்டாகப் பிரிந்து வழக்காடுகிறது. கண்ட சாட்சி இவர்தான். இரண்டு பாட்டுக்கு முன்னால், 83இல், அவன்மேல் கொண்ட ஆசையைச் சொல்லத் தாய்க்கும் அஞ்சுகிறார், அவைக்கும் அஞ்சுகிறார். எங்கள் ஊர் மலைமேல் ராஜசிம்மன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயில் ஓவியத்திலும் இதே கதைதான். இறைவன் ஆடுகிறான், உமை ஒரு காலை மடித்துச் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

போன ஆண்டு வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "மல்லுக்கட்ட எந்தப் பொண்ணும் எறங்கலையா மேம்? பாத்துக்கிட்டேதான் இருந்தாங்களா?"

சங்கப் பாட்டில் அதற்கு விடை கிடையாது. நான் அவளுக்கு ஹமீதா பானுவைப் பற்றிச் சொன்னேன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2024 மே 4 அன்று கூகுள் முகப்பில் அவர் படம் வரும்வரை அந்தப் பெயர் எனக்கும் தெரியாது. தோளை உயர்த்தி நடப்பவனைப் பார்த்து 'பெரிய தாராசிங்னு நெனப்பு' என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். தாராசிங்குக்கு ஒரு பழமொழி அளவுக்கு இடம் கொடுத்த தமிழ், அதே காலத்தில் ஆண்களை மண்ணில் சாய்த்த ஒருத்தியைக் காதில் வாங்கவேயில்லை.

உத்தரப்பிரதேசத்து மிர்சாபூரில் பிறந்து, அலிகார் போய் சலாம் பயில்வானிடம் குஸ்தி கற்றவர் ஹமீதா. 1954 பிப்ரவரியில் ஓர் அறைகூவல் விட்டார்: என்னைத் தோற்கடிப்பவனை மணந்துகொள்கிறேன். பாட்டியாலாவிலிருந்து ஒருவர், கல்கத்தாவிலிருந்து ஒருவர் வந்தார்கள், தோற்றார்கள். மே மாதம் பரோடாவில் மோதுவதாக இருந்த சோட்டா காமா பயில்வான், பெண்ணோடு மோத மாட்டேன் என்று கடைசி நேரத்தில் விலகிக்கொண்டார். அவருக்குப் பதில் வந்தவர் பாபா பயில்வான். ஆட்டம் 1 நிமிடம் 34 விநாடியில் முடிந்தது. இந்தக் கணக்கில் ஒரு தேநீர்கூடச் சூடாகாது. அதே ஆண்டு பம்பாயில், ரஷ்யாவின் 'பெண் கரடி' என்று விளம்பரப்படுத்தப்பட்ட வேரா சிஸ்டிலினை ஒரு நிமிடத்துக்குள் வீழ்த்தினார். அதுவரை 320 போட்டிகளில் வென்றதாகச் சொல்லிக்கொண்டார்.

பத்திரிகைகள் அவர் பிடிகளைப் பற்றி எழுதியதைவிட உடம்பைப் பற்றி எழுதியதுதான் அதிகம். உயரம் 5 அடி 3 அங்குலம், எடை 108 கிலோ. தினம் ஐந்தரை லிட்டருக்கு மேல் பால், ஒரு கோழி, கிலோவுக்குச் சற்றுக் குறைவாக ஆட்டிறைச்சி, ஏறக்குறைய அதே அளவு பாதாம், 6 முட்டை, இரண்டு தட்டு பிரியாணி. ஒன்பது மணிநேரத் தூக்கம், ஆறு மணிநேரப் பயிற்சி. வியப்புக்காகப் போட்ட பட்டியல் இது. எனக்கு வேறு காரணத்துக்காக இதன்மேல் ஆசை. ஆண்கள் சாப்பிட்டு எழுந்தபின் சட்டியைச் சுரண்டித் தின்ற பெண்களின் பேத்தி நான். வயிறார உண்டு ஒன்பது மணிநேரம் தூங்கிய ஒருத்தி இந்த நாட்டில் இருந்தாள் என்பதே போதும், நான் அந்தப் பக்கத்தை வெட்டி ஒட்டிவைத்துக்கொள்ள.

அந்தத் திருமண அறைகூவல் மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. வென்றால் பெயர், தோற்றால் தாலி என்பது என்ன விளையாட்டு? இப்போது வேறு மாதிரித் தோன்றுகிறது. ஒரு பெண் ஆணை மல்லுக்கு அழைக்கிறாள் என்றால் கூட்டம் வராது, கல் வரும். கல்யாணத்துக்கு அழைக்கிறாள் என்றால் டிக்கெட் விற்கும். அவரை ஏற்பாட்டாளர்கள் எங்கே வைத்திருந்தார்கள் என்பதற்கு ஓர் ஆட்டநிரல் சாட்சி: அவருடைய போட்டிக்கு அடுத்தது, கால் ஊனமுற்ற ஒருவரும் பார்வையற்ற ஒருவரும் மோதுவது. வேடிக்கையாகத்தான் அவரை மேடையேற்றினார்கள். அவரோ ஏறியபின் நிஜமாகவே வென்றுகொண்டிருந்தார். சிக்கல் அதில்தான்.

1944லேயே பம்பாயில் கூங்கா பயில்வானோடு அவர் மோதுவதைப் பார்க்க 20,000 பேர் திரண்டார்கள். கூங்கா கூடுதல் பணமும் அவகாசமும் கேட்டதால் போட்டி ரத்தானது. கூட்டம் அரங்கை உடைத்தது. புனேயில் ராமச்சந்திர சாலுங்கேயோடு நடக்கவிருந்த போட்டி உள்ளூர் மல்யுத்தச் சம்மேளனத்தின் எதிர்ப்பால் நின்றது. இன்னொரு முறை ஆணை வென்றதற்காகக் கல்லடி, போலீஸ் வந்து காக்க வேண்டியதாயிற்று. தன் போட்டிகளுக்குப் போட்ட தடை குறித்து பம்பாய் முதலமைச்சர் மொரார்ஜி தேசாய்க்கே எழுதினார். பெண் என்பதற்காகத் தடுக்கவில்லை, ஏற்பாட்டாளர்கள் போலி ஆட்களை எதிரே நிறுத்துவதாகப் புகார் என்று பதில் வந்தது. போலிகள் இருந்திருக்கலாம். தொழில்முறை குஸ்தியில் பேசிவைத்த ஆட்டம் புதிதல்ல. ஆனால் கிங் காங்கும் தாராசிங்கும் மோதியபோது ஊர் அதை ரசித்தது. இவர் வென்றபோது மட்டும் விசாரித்தது.

அதே 1954 நவம்பரில் அமெரிக்க வீராங்கனை மில்ட்ரெட் பர்க் குழுவோடு ஜப்பான் போனார். அங்கே பெண்கள் மல்யுத்தம் பற்றிக்கொண்டது. 1968இல் பெண்களுக்கென்றே ஒரு பெரிய நிறுவனம் எழுந்தது. எண்பதுகளில் நாகயோ சிகுசா என்ற பெண் அதன் நட்சத்திரம். 1985 ஆகஸ்டில் ஒசாகாவில், தோற்றவர் தலையை மழிக்க வேண்டும் என்ற பந்தயத்தில் டம்ப் மட்சுமோட்டோவிடம் தோற்று, மேடையிலேயே முடியை இழந்தார். அரங்கு நிறையப் பள்ளிச் சிறுமிகள், கதறி அழுதார்கள். இருபத்தைந்து வயதோடு ஓய்வு என்ற வழக்கம் அங்கும் இருந்தது. 1989இல் சிகுசாவும் விலகினார், 1993இல் திரும்பி வந்தார், 1995இல் சொந்தமாக ஒரு நிறுவனத்தையே மேடையேற்றினார். ஜப்பான் ஒன்றும் பெண்களின் சொர்க்கமல்ல. ஆனால் சிகுசாவுக்காக அழ அத்தனை சிறுமிகள் இருந்தார்கள். ஹமீதாவைச் சூழ்ந்து நின்றது ஆண்களின் கூட்டம்.

ஐரோப்பா போய் மல்லாடப் போவதாக அறிவித்தபின் அவர் மேடையிலிருந்து மறைந்துபோனார். பிபிசியிடம் அவர் பேரன் சொன்னது: போகக் கூடாது என்று சலாம் பயில்வான் அடித்து அவர் கையை முறித்தார். அண்டைவீட்டார் ஒருவர் சொன்னது: காலும் முறிந்தது, பல ஆண்டுகள் கோல் ஊன்றித்தான் நடந்தார். சலாம் அவரை மணந்தார் என்கிறார் சலாமின் மகள், பேரன் மறுக்கிறார். எதுவானாலும், பயிற்சி கொடுத்த கைதான் முறித்த கை. கோதாவில் எந்த ஆணாலும் முடியாததை வீட்டுக்குள் ஒருவர் முடித்தார்.

சொல்லி முடித்ததும் அந்த மாணவி, "அப்புறம் சாப்பாட்டுக்கு என்ன பண்ணாங்க மேம்?" என்றாள். கல்யாணில் பால் விற்றார், கட்டடங்களை வாடகைக்கு விட்டார், கையில் பணம் தீர்ந்தபோது வீட்டில் செய்த தின்பண்டங்களைச் சாலையோரம் வைத்து விற்றார். 1986இல் இறந்தார்.