ஜோர்ஜ்டவுனைக் காத்த சட்டமும் காலி செய்த சட்டமும்

ஜோர்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளைப் பார்ப்பதற்கென்றே உலகின் பல மூலைகளிலிருந்து மக்கள் வருகிறார்கள். மற்ற நகரங்களில் இத்தகைய கட்டடங்கள் இடிபட்டு அடுக்குமாடிகள் எழுந்தபோது, இங்கே மட்டும் வரிசை வரிசையாக அவை எப்படித் தப்பின? கலையார்வமா? நகராண்மைக் கழகத்தின் முன்யோசனையா? இவற்றையெல்லாம் விடப் பெரிய காரணம் ஒரு சட்டம். ஏழைகளின் வாடகை உயராமல் இருக்க எழுதப்பட்ட அந்தச் சட்டம், எதிர்பாராமல் ஒரு நகரத்தின் கட்டடங்களையே காப்பாற்றியது.

போர் தந்த பற்றாக்குறை

1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் பினாங்கின் மீது குண்டு வீசின. 1945-இல் நேச நாட்டு விமானங்களும் வீசின. போர் முடிந்தபோது வீடுகள் குறைவு, குடியிருக்க வந்தவர்கள் அதிகம். உரிமையாளர் கேட்டதே வாடகை என்று விட்டிருந்தால் துறைமுகத் தொழிலாளியும் சிறு வியாபாரியும் தெருவில்தான் நின்றிருப்பார்கள். எனவே பிரிட்டிஷ் நிர்வாகம் வாடகைக்குக் கடிவாளம் போட்டது. சுதந்திரத்திற்குப் பின் அதையே நாடாளுமன்றம் 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமாக நிறைவேற்றியது.

நிலம் மாநிலங்களின் அதிகாரத்தில் உள்ள விஷயம். ஆயினும் உரிமையாளருக்கும் வாடகைதாரருக்கும் இடையிலான உறவு குறித்து, நாடு முழுவதும் சட்டம் ஒரே சீராக இருப்பதற்காக நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்று அரசியலமைப்பின் 76-ஆவது பிரிவு இடம் தருகிறது.

1948 ஜனவரி 31 வரை கட்டப்பட்ட கட்டடங்கள் 1966 சட்டத்தின் கீழ் வந்தன. வாடகையை இஷ்டம்போல் உயர்த்த முடியாது. குடியிருப்பவரை நினைத்தபோது வெளியேற்றவும் முடியாது. தகராறு வந்தால் வாடகை நடுவர் மன்றம் தீர்த்து வைக்கும். கோலாலம்பூர், ஈப்போ, மலாக்கா ஆகிய நகரங்களிலும் சட்டம் அமலில் இருந்தது. ஆனால் பழைய கட்டடங்கள் நிறைந்த பினாங்கில்தான் அதன் பிடி மிக அதிகம்.

இது மலாயாவுக்கு மட்டும் உரிய யோசனை அல்ல. அமெரிக்காவில் அதிபர் ரூஸ்வெல்ட் 1942 ஜனவரியில் கையெழுத்திட்ட அவசரகால விலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், போர்த் தொழில்கள் பெருகிய ஊர்களில் வாடகையையும் கட்டுப்படுத்தியது. பம்பாயில் 1947-இலும் தமிழ்நாட்டில் 1960-இலும் இதே நோக்கத்துடன் சட்டங்கள் வந்தன.

நிழலும் ஒழுகலும்

இந்தச் சட்டத்தின் நிழலில்தான் மார்க்கெட் ஸ்திரீட், பினாங்கு ஸ்திரீட், குயின் ஸ்திரீட், சூலியா ஸ்திரீட் ஆகிய தெருக்களில் இந்தியர்களின் வாணிபம் வேர்விட்டு நின்றது. மளிகை, மசாலை, சேலை, பூமாலை, நகை, நாணய மாற்று என்று கீழே கடை, மேலே குடும்பம். மகா மாரியம்மன் கோயிலும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் நடந்து போகும் தூரத்தில். வாடகை குறைவாக இருந்ததால் குறைந்த வருமானத்திலும் ஒருவர் நகரின் நடுவில் வாழ முடிந்தது. அங்கேயே தொழில் செய்து பிள்ளைகளைப் படிக்க வைக்கவும் முடிந்தது.

மறுபக்கமும் உண்டு. உரிமையாளர்கள் எல்லோரும் கோடீஸ்வரர்கள் அல்லர். சீனர்களின் குலச் சங்கங்கள், பள்ளிவாசல் வக்பு சொத்துகள், கோயில் அறக்கட்டளைகள் ஆகியவையும் உரிமையாளர்களே. கிடைத்த வாடகை கூரை ஓடு மாற்றக்கூடப் போதவில்லை. மழைநீர் ஒழுகியது, உத்திரம் உளுத்தது. வருமானம் இல்லாத கட்டடத்தைப் பழுதுபார்க்க உரிமையாளருக்கு மனம் வரவில்லை. சட்டம் குறுக்கே நின்றதால் இடித்துக் கட்டுவதும் எளிதாக இல்லை. அதனால் அவை நின்றன, ஆனால் நலிந்து நின்றன.

சலுகை எப்போதும் ஏழையிடமே போய்ச் சேர்ந்தது என்றும் சொல்ல முடியாது. குறைந்த வாடகைக்கு வீட்டை எடுத்த தலைமை வாடகைதாரர் அதை அறை அறையாகத் தடுத்து உள்வாடகைக்கு விட்டு லாபம் பார்த்ததும் உண்டு. 'தேநீர்ப் பணம்' வாங்கிக்கொண்டு குடியிருக்கும் உரிமையையே கைமாற்றியவர்களும் இருந்தார்கள்.

28 மாத அவகாசம்

இந்த நிலையில் 1997-இல் நாடாளுமன்றம் சட்டத்தை ரத்து செய்தது. 1997 செப்டம்பர் 1 முதல் 1999 டிசம்பர் 31 வரை, அதாவது 28 மாதங்கள், இடைக்கால அவகாசம் தரப்பட்டது. அதே 1997 ஜூலையில்தான் ஆசிய நிதி நெருக்கடி தொடங்கி, வெள்ளியின் மதிப்பு சரியத் தொடங்கியிருந்தது. மாற்று வீடு தேட அதைவிடச் சோதனையான காலம் வேறு இல்லை.

2000 ஜனவரி 1. வாடகை சந்தை விலைக்குத் திறந்து விடப்பட்டது. பல இடங்களில் அது பல மடங்காக உயர்ந்தது. வாடகைதாரர்கள் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தும் பயன் குறைவு. தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பங்கள் நகருக்கு வெளியே அடுக்குமாடிகளுக்குச் சென்றன. பரம்பரைத் தொழில் செய்தவர்கள் சிலர் கடையையே மூடினர். காலியான வீடுகள் சிலவற்றில் கூட்டுக்காகப் பறவைகளை வளர்த்தார்கள். மனிதர் இருந்த மாடியில் உழவாரன் குருவி குடியேறியது! பாரம்பரிய வட்டாரத்தில் அதை நிறுத்த 2013 இறுதி வரை கெடு விதிக்க வேண்டியிருந்தது.

2008 ஜூலை 7-ஆம் நாள் மலாக்காவுடன் சேர்ந்து ஜோர்ஜ்டவுன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. கட்டடங்களோடு, பல இன மக்களின் வாழும் பண்பாடும் அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. அந்தப் பண்பாட்டை வாழ்ந்து காட்டியவர்களில் பலர் எட்டு ஆண்டுகளுக்கு முன்பே மூட்டை கட்டியிருந்தார்கள் என்பதுதான் வேதனை.

செலவு யாருடையது?

இரண்டு சட்டங்களிலும் ஒரே குறை. ஏழைக்கு வீடு தருவது சமுதாயத்தின் கடமை. ஆனால் முதல் சட்டம் அந்தச் செலவு முழுவதையும் உரிமையாளர் தலையில் வைத்தது. 'ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்பதுபோல அரசு அடுத்தவர் பணத்தில் தாராளம் காட்டியது. ரத்துச் சட்டம் அதே சுமையை அப்படியே தூக்கி வாடகைதாரர் தலையில் வைத்தது.

வாடகையைப் படிப்படியாக உயர்த்தியிருக்கலாம். பழுதுபார்க்கும் உரிமையாளருக்கு மதிப்பீட்டு வரியில் சலுகை தந்து, பழைய குடியிருப்பாளரை வைத்துக்கொள்ளுமாறு நிபந்தனை விதித்திருக்கலாம். கசானாவின் துணை நிறுவனமான திங்க் சிட்டி 2 கோடி வெள்ளி மானியத் திட்டத்தோடு ஜோர்ஜ்டவுனுக்கு வந்தது 2009-இல். அந்த உதவிக்கரம் பத்து ஆண்டுகள் முன்னதாக நீண்டிருந்தால் பல மாடிகளில் இன்னும் விளக்கு எரிந்திருக்கும்.

தமிழ்நாடும் தனது 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கைவிட்டு, 2019 பிப்ரவரியில் புதிய வாடகைச் சட்டத்தை அமல்படுத்தியது. மலேசியாவில் 2025 ஆகஸ்டில் நகர்ப்புறப் புதுப்பிப்பு மசோதா நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்டபோது, எத்தனை விழுக்காட்டு உரிமையாளர்கள் சம்மதிக்க வேண்டும் என்பதே பெரிய விவாதமானது. அங்கே வாடகைக்கு இருப்பவர் எங்கே போவார் என்ற கேள்வியும் அதே அளவு உரக்கக் கேட்கப்பட வேண்டும். அதைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு, சாயம் பூசி அழகாக நிற்கும் ஜோர்ஜ்டவுனின் காலி மாடிகளே சாட்சி.