மின்வழங்கல் துறையில் தகவல் தொழில்நுட்பப் பணிகளும் அவற்றின் ஊரக எல்லையும்: தீர்த்தமலையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இந்திய மென்பொருள் துறைக்கும் மின்வழங்கல் துறைக்கும் உள்ள உறவு அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்டது. அவ்வுறவின் பயன் அயல்நாட்டு மின்நிறுவனங்களைச் சென்றடைந்த பின்னரே உள்நாட்டு நகரங்களை அடைந்தது. ஊரக வேளாண் மின்நுகர்வு இன்றும் பெரிதும் அதற்கு வெளியே நிற்கிறது. இதற்கான காரணங்களைத் தருமபுரி மாவட்டம் தீர்த்தமலையை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: மின்வழங்கல், மென்பொருள் ஏற்றுமதி, மின்னளவி, வேளாண் மின்சாரம், தீர்த்தமலை.

முன்னுரை

அரூர் வட்டத்தில் அமைந்துள்ள தீர்த்தமலை, தீர்த்தகிரீசுவரர் கோயிலாலும் மலைமேல் உள்ள தீர்த்தங்களாலும் அறியப்படும் ஊராகும். தருமபுரி மாவட்ட வேளாண்மையில் கிணற்றுப் பாசனம் பெரும்பங்கு வகிக்கிறது. ஆகவே மின்சாரம் இங்கு வீட்டு விளக்கிற்கு மட்டுமன்றி விளைச்சலுக்கும் அடிப்படையாகிறது. அம்மின்சாரம் எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பது வரலாற்று நோக்கில் ஆராயத்தக்கது.

மின்துறையிலிருந்து மென்பொருள் துறைக்கு

இந்திய மென்பொருள் துறையின் முன்னோடியாகக் கருதப்படும் எஃப்.சி. கோலி (1924–2020) அடிப்படையில் மின்பொறியாளர். 1951இல் டாடா மின்நிறுவனத்தில் சேர்ந்த அவர், மின்சுமைப் பகிர்வு முறையை அங்கு உருவாக்கினார். 1960களில் மின்கட்டமைப்பை நிருவகிக்கக் கணினியைப் பயன்படுத்தினார். 1969இல் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றார். அந்நிறுவனம் 1974இல் அமெரிக்கப் பரோஸ் நிறுவனத்தின் கணினிகளை ஒட்டி மேற்கொண்ட பணி, தொடக்ககால மென்பொருள் ஏற்றுமதிகளுள் குறிப்பிடத்தக்கது. மின்துறையில் பெற்ற பட்டறிவு, மென்பொருள் துறையின் தலைமைக்கு இவ்வாறு வந்து சேர்ந்தது.

அயல்நாட்டு மின்நிறுவனங்களின் பணிகள்

பிரித்தானியாவில் 1990இல் மின்வழங்கல் தனியார்மயமாக்கப்பட்டது. 1990களின் இறுதியில் வீட்டு நுகர்வோர் தாம் விரும்பும் நிறுவனத்தைத் தெரிவுசெய்யும் உரிமையைப் பெற்றனர். நுகர்வோர் ஒருவர் நிறுவனம் மாறும்போதெல்லாம் மின்னளவிக் குறிப்பைப் பெறுதல், கணக்கை மாற்றுதல், பட்டியல் அனுப்புதல், ஐயங்களுக்கு விடையளித்தல் ஆகிய பணிகள் பெருகின. அவற்றின் ஒரு பகுதி செலவுக் குறைப்பு நோக்கில் இந்தியாவிற்கு வந்தது. எனினும் இவ்வரவு நிலையானதன்று. பவர்ஜென் நிறுவனம் 2006இல் தன் இந்திய அழைப்பு மையப் பணிகளைத் திரும்பப் பெற முடிவு செய்தது. மாறாக, என்பவர் நிறுவனம் 2013இல் தன் அலுவலகப் பின்புலப் பணிகளை டாடா கன்சல்டன்சியிடம் ஒப்படைப்பதாக அறிவித்தது.

முப்பதாயிரம் என்னும் வரம்பு

உள்நாட்டில் மின்பகிர்மானத்தைக் கணினிமயமாக்கும் பெருமுயற்சி, 2008இல் ஒப்புதல் பெற்ற மறுசீரமைக்கப்பட்ட விரைவு மின்மேம்பாட்டுச் சீர்திருத்தத் திட்டத்தால் உருப்பெற்றது. நுகர்வோர் பட்டியல், புவித்தகவல் வரைபடம், தானியங்கித் தரவுப் பதிவு ஆகியவை அதன் முதற்பகுதியில் அடங்கின. ஆனால் சிறப்புநிலை மாநிலங்கள் நீங்கலாக, 30,000க்கு மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கே அத்திட்டம் உரியதாக இருந்தது. ஊராட்சியாகிய தீர்த்தமலை இவ்வரையறைக்குள் வரவில்லை. வேலைவாய்ப்பு நிலையிலும் இதனை ஒத்த இடைவெளி காணப்படுகிறது. எல்காட் நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்பச் சிறப்புப் பொருளாதார மண்டலங்கள் சேலத்திலும் ஓசூரிலும் அமைந்தன. இரண்டிற்கும் இடைப்பட்ட தருமபுரியில் அமையவில்லை.

அளக்கப்படாத மின்சாரம்

ஊரக மின்நுகர்வு கணினிக் கணக்கிற்குள் வாராமைக்கு மக்கள்தொகை வரம்பு மட்டும் காரணமன்று. மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970களில் நாராயணசாமி நாயுடு தலைமையில் உழவர்கள் போராடினர். 1984இல் சிறு உழவர்களுக்கும், 1990ஆம் ஆண்டளவில் அனைத்து உழவர்களுக்கும் இலவச மின்சாரம் வழங்கப்பட்டது. இவ்விணைப்புகளுள் பெரும்பாலானவற்றில் மின்னளவி இல்லை. மின்மோட்டாரின் குதிரைத்திறனைக் கொண்டே அரசு மானியம் கணக்கிடப்படுகிறது. நுகர்வு மாதிரி அளவீட்டால் மதிப்பிடப்படுகிறது. மதிப்பீடு மிகுந்தால் மின்பாதையில் நேரும் இழப்பும் உழவரின் நுகர்வாகவே கணக்கில் ஏறும். குறைந்தால் உழவர் உண்மையில் பயன்படுத்தியது இழப்பாகத் தோன்றும். இரண்டையும் மறுக்கத் தக்க சான்று உழவரிடம் இல்லை. அதேவேளை, மின்னளவி பொருத்துவது கட்டணத்திற்கு முன்னோட்டமாகிவிடும் என்னும் அவர்தம் அச்சமும் போராட்ட வரலாற்றின் அடிப்படையில் தோன்றியதே. 2021இல் தொடங்கப்பட்ட புத்துருவாக்கப் பகிர்மானத் திட்டமும் 25 கோடி முன்கட்டண மின்னளவிகளை இலக்காகக் கொண்டபோது வேளாண் இணைப்புகளை விலக்கியது. அவற்றிற்கான மின்பாதைகளைத் தனியே பிரிக்கவே வழிசெய்தது.

முடிவுரை

மேற்கூறியவற்றால், அயல்நாட்டு நுகர்வோரின் கணக்கைச் செம்மையுறப் பேணும் தொழில்திறன் இந்தியாவில் இருந்தும், தீர்த்தமலை போன்ற ஊர்களின் வேளாண் மின்நுகர்வு மதிப்பீடாகவே நீடிப்பது புலனாகிறது. குறை தொழில்நுட்பத்தில் இல்லை. எவரை அளப்பது, அளந்தபின் அத்தரவை எதற்குப் பயன்படுத்துவது என்னும் கொள்கை முடிவுகளில் உள்ளது. இலவச மின்சார உரிமையைக் கட்டணத்தினின்று பிரித்து உறுதிசெய்த பின்னரே ஊரக அளவீடு உழவரின் இசைவைப் பெறும். அந்நிலையில் மின்னளவி, உழவர்மீது சுமத்தப்படும் இழப்பை மறுக்கும் சான்றாகவும் அவர்க்குப் பயன்படும்.