தாயின் முந்தைய பிரசவங்களும் குழந்தையின் பிறப்பு எடையும்

நிறைமாதத்தில் பிறந்தாலும் தலைச்சன் பிள்ளை பெரும்பாலும் அடுத்த பிள்ளையைவிட எடை குறைவாகவே இருக்கும். சராசரி வித்தியாசம் 100 முதல் 200 கிராம் வரை. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இந்த ஏற்றம் மட்டுப்படுகிறது.

கருப்பையின் இரத்தக் குழாய்களே இதற்குப் பெரிதும் ஏற்கப்பட்ட காரணம். முதல் கர்ப்பத்தில் நஞ்சுக்கொடிக்கு இரத்தம் கொண்டுசெல்லும் சுருள் தமனிகள் சுவர் தளர்ந்து அகலமாகின்றன. பிரசவத்துக்குப் பின் அவை முழுதும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அடுத்த கருவுக்கு இரத்தம் தாராளமாகக் கிடைக்கிறது. கருவின் வளர்ச்சியைக் குறைக்கும் கர்ப்பகால இரத்த அழுத்த நோயும் தலைப்பிரசவத்தில்தான் அதிகம்.

இந்தியக் கிராமங்களில் பிரசவ எண்ணிக்கைக்கும் குழந்தையின் உடல்வாகுக்கும் உள்ள தொடர்பை நுணுக்கமாக அளந்தது புனே தாய்மை ஊட்டச்சத்து ஆய்வு. மருத்துவர் சி. எஸ். யாஜ்னிக் தலைமையில் 1993இல் ஆறு கிராமங்களில் தொடங்கியது. அங்கு பிறந்த குழந்தைகளின் சராசரி எடை ஏறத்தாழ 2.7 கிலோ. தாயின் பிரசவ எண்ணிக்கை கூடக்கூட, குழந்தையின் தோலடிக் கொழுப்பும் கூடியதை 2005இல் வெளியான அதன் கட்டுரை காட்டியது. ஆகவே கூடுதல் எடை முழுவதையும் நல்ல வளர்ச்சி என்று கொள்வதற்கில்லை. கர்ப்பிணிக்கு வயல்வேலையும் தண்ணீர் சுமப்பதும் மிகுந்தால் குழந்தை சிறுத்துப் பிறப்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

தமிழ்நாட்டின் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களுக்கு வேலைச்சுமை பற்றிய இந்த முடிவுதான் முக்கியம். பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காய வயல்களிலும் முந்திரித் தோப்புகளிலும் பெண்களின் உழைப்பு பெரிது. தமிழ்நாட்டின் கருவள விகிதமோ 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 1.8, அப்படியானால் பிறப்பவற்றில் ஏறத்தாழப் பாதி தலைச்சன்கள். மாநில அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி முதல் இரண்டு பிரசவங்களுக்குக் கிடைக்கிறது. பணத்தோடு, தலைப்பிரசவக்காரிக்குக் களையெடுப்பிலிருந்தும் சுமை தூக்குவதிலிருந்தும் ஓய்வு கிடைத்தாக வேண்டும்.

அடுத்தடுத்துக் கருத்தரிப்பதும் இரத்தசோகையும் பின்பிறந்த பிள்ளைக்குரிய அனுகூலத்தைக் கரைத்துவிடும். பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் இடையே 24 மாதங்களாவது வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

சிறிதாகப் பிறந்த தலைச்சன்கள் முதல் ஆண்டில் வேகமாக வளர்ந்து ஈடுகட்டுவதை இங்கிலாந்தின் ஏவன் ஆய்வு கண்டது. ஆனாலும் 2.5 கிலோ என்ற குறை எடை வரம்பு எல்லாக் குழந்தைகளுக்கும் ஒன்றே. தலைச்சன்தானே என்று 2.3 கிலோ குழந்தையைக் கூடுதல் கண்காணிப்பின்றி வீட்டுக்கு அனுப்பக் கூடாது.