26 மில்லிகிராம்

1997 செப்டம்பர் 15 அன்று அமெரிக்க மருந்துக் கடைகளிலிருந்து ஃபென்ஃப்ளூரமின் என்ற மாத்திரை திரும்பப் பெறப்பட்டது. உடம்பு இளைக்க வேண்டும் என்று லட்சக்கணக்கானோர் விழுங்கிய மருந்து, பலருடைய இதய வால்வுகளைக் கெடுத்திருந்தது. 23 ஆண்டுகள் கழித்து, 2020 ஜூன் 25 அன்று, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அதே மருந்துக்கு மறுபடி அனுமதி கொடுத்தது. இந்த முறை கொடிய வலிப்பு நோய் உள்ள குழந்தைகளுக்காக. இடையில் நடந்ததை மருந்து எழுதுகிறவர்களும் சாப்பிடுகிறவர்களும் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஃபென்ஃப்ளூரமின் 1960களில் பிரான்ஸில் பசியடக்கும் மருந்தாக விற்பனைக்கு வந்தது. மூளையில் செரோடோனினைக் கூட்டி, சாப்பிட்டது போதும் என்ற நிறைவைத் தரும். அமெரிக்கா 1973இல் அனுமதித்தது. பல ஆண்டுகள் அங்கே அதை யாரும் பெரிதாகச் சீண்டவில்லை. 1992இல் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் வெய்ன்ட்ராப், ஃபென்டர்மின் என்ற இன்னொரு மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் எடை நன்றாகக் குறைகிறது என்று ஆய்வு வெளியிட்டார். ‘ஃபென்-ஃபென்’ ஜோடி பிரபலமானது. எடை குறைப்பதற்கென்றே கிளினிக்குகள் முளைத்தன. இந்த ஜோடியை எஃப்.டி.ஏ. ஒருபோதும் அங்கீகரிக்கவில்லை, தனித்தனியே அனுமதி பெற்ற இரண்டையும் மருத்துவர்களே சேர்த்து எழுதிக் கொடுத்தார்கள். ஃபென்ஃப்ளூரமின் மட்டும் நாளுக்கு 60 மில்லிகிராம், சிலருக்கு 120 வரை.

வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகரில் எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கும் பெண் டெக்னீஷியன் ஒருவருக்குத்தான் முதலில் பொறி தட்டியது. அதிக வயதில்லாத பெண்களுக்கு வால்வு சரியாக மூடாமல் ரத்தம் பின்னோக்கிக் கசிந்தது. விசாரித்தால், ஃபென்-ஃபென் சாப்பிட்டவர்கள். அந்த ஊர் மருத்துவர்களும் மேயோ கிளினிக்கும் சேர்ந்து 24 பெண்களின் விவரங்களை 1997 ஆகஸ்டில் வெளியிட்டார்கள். அறுவை சிகிச்சையில் வெளியே எடுத்த வால்வுகள் வெள்ளைவெளேரென்று பளபளத்தன. வால்வின் அமைப்பு உள்ளே சிதையாமல் இருக்க, மேலே மெழுகு பூசியதுபோல் தடித்த படலம் ஒட்டியிருந்தது. மருந்து சாப்பிட்ட 291 பேரின் எக்கோ முடிவுகள் எஃப்.டி.ஏ.வுக்கு வந்தபோது, சுமார் 30 சதவீதத்தினருக்கு வால்வில் கோளாறு தெரிந்தது. அடுத்து மருந்து சந்தையை விட்டுப் போனது. வால்வுகளில் இருக்கும் 5-எச்டி2பி என்ற செரோடோனின் ஏற்பியை இந்த மருந்து தூண்டிவிடுவதே காரணம் என்பது 2000 வாக்கில் புரிந்தது.

ஆனால் பெல்ஜியத்தில் வேறொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. 1980களிலிருந்தே அங்கே சில மருத்துவர்கள், எந்த மருந்துக்கும் அடங்காத வலிப்புள்ள குழந்தைகளுக்கு இதைக் குறைந்த அளவில் கொடுத்து வந்தார்கள். அந்தக் குழந்தைகளில் சிலருக்கு இருந்தது டிராவே நோய். பிரெஞ்சு மருத்துவர் ஷார்லோட் டிராவே 1978இல் விவரித்த இந்த நோய், ஒரு வயது நிரம்புமுன்பே தொடங்கும். லேசான காய்ச்சலோ வெந்நீர்க் குளியலோ போதும், வலிப்பு வந்துவிடும்; அது நிற்காமல் நீளும். வளர்ச்சி பின்தங்கும். தூக்கத்திலேயே உயிர் போன குழந்தைகள் உண்டு.

உலகமே மருந்தைக் கைவிட்டபோது, பெல்ஜிய அரசு ஆய்வுக்கென்று தனி அனுமதி கொடுத்தது. லூவன், ஆன்ட்வெர்ப் நகர மருத்துவர்கள் குழந்தைகளின் இதயத்தையும் கண்காணித்துக்கொண்டே பொறுமையாகக் குறிப்பெடுத்தார்கள். 2012இல் 12 நோயாளிகளின் விவரம் வெளிவந்தது. ஏழு பேருக்குக் குறைந்தது ஓராண்டாக வலிப்பே இல்லை. இரண்டு பேருக்கு வால்வு லேசாகத் தடித்திருந்தது. தொந்தரவு எதுவும் இல்லை. பலனையும் பாதிப்பையும் ஒளிக்காமல் எழுதினார்கள். அந்த நேர்மைதான் மருந்துக்கு மறுவாழ்வு தந்தது என்பேன்.

அதன்பின் முறையான சோதனை நடந்தது. 119 பேர் பங்கேற்றதில், கூடுதல் டோஸ் பெற்றவர்களுக்கு மாதாந்திர வலிப்புகள், போலி மருந்து பெற்றவர்களைவிட 62.3 சதவீதம் அதிகமாகக் குறைந்தன. யாருக்கும் வால்வு நோய் வரவில்லை. மருந்து இப்போது ஃபின்டெப்லா என்ற பெயரில், குடிக்கும் கரைசலாகக் கிடைக்கிறது. எடைக்கு ஏற்ப அளந்து கொடுப்பார்கள். நாளுக்கு 26 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 2022இல் லெனாக்ஸ்-கஸ்டாட் என்ற இன்னொரு கடும் வலிப்பு நோய்க்கும் அனுமதி கிடைத்தது. அன்று விளம்பரமாக இருந்த பசியின்மை, இன்று பெற்றோர் கவனிக்க வேண்டிய பக்கவிளைவு.

பழைய குற்றம் மறக்கப்படவில்லை. மருந்து தொடங்குமுன் எக்கோ, சாப்பிடும் காலம் முழுக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை எக்கோ, நிறுத்திய பின்னும் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் ஒரு எக்கோ. பதிவு செய்துகொண்ட மருத்துவரும் மருந்தகமும் மட்டுமே இதைக் கொடுக்க முடியும் என்ற கட்டுப்பாட்டோடுதான் 2020இல் அனுமதி கிடைத்தது. மருந்தின் தகவல் குறிப்பில் கட்டமிட்ட இதய எச்சரிக்கை உண்டு. இந்த விதி ஒவ்வொன்றும் 1990களில் வால்வை இழந்த பெண்களின் கேஸ் ஷீட்டிலிருந்து வந்தது. அவர்களுக்கு நேர்ந்ததைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால், இன்று இந்தக் குழந்தைகளுக்குத் துணிந்து கொடுக்க முடிந்திருக்காது.

சில கிலோ குறைய வேண்டும் என்பதற்காக இதயத்தைப் பணயம் வைத்தது தவறு. அன்று மருந்தைத் திரும்பப் பெற்றது சரி. தூக்கத்தில் சாகக்கூடிய குழந்தைக்கு, கண்காணிப்போடு 26 மில்லிகிராமுக்குள் கொடுப்பதும் சரி. விலக்கிவைத்த எந்த மருந்தையும் மறுபடி கையில் எடுக்கும்போது, யாருக்கு, எவ்வளவு, யார் கண்காணிப்பில் என்ற மூன்று கேள்விகளுக்கும் முதலில் பதில் வேண்டும். ஃபென்-ஃபென் கிளினிக்குகள் அவற்றைக் கேட்கவே இல்லை. பெல்ஜிய மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டார்கள்.