எட்டு நிமிடம் உதைக்கிறது

கண்டக்டர் என்றால் நம்மில் பலருக்கு விசிலும் தோல்பையும்தான் முதலில் ஞாபகம் வரும். இது வேறு கண்டக்டர். நூறு பேர் வாத்தியம் வாசிக்க, எதிரே நின்று தாளமும் வேகமும் சொல்பவர்.

மும்பைக்கு மாற்றலாகி வந்த புதிதில் பக்கத்து ஃப்ளாட் பார்சிப் பெரியவர் இரண்டு சிடி கொடுத்தார். இரண்டும் மாலரின் இரண்டாவது சிம்பொனி. நடத்தியவரும் ஒருவரே, ஓட்டோ க்ளெம்பரர். 1951-ல் ஆம்ஸ்டர்டாமில் பதிவானது சுமார் 71 நிமிடம். 1961-62-ல் லண்டனில் பதிவானது 79. அதே ஸ்வரங்கள், அதே ஆள், எட்டு நிமிடம் உதைக்கிறது! வங்கிக்காரனுக்குக் கணக்கு உதைத்தால் தூக்கம் வருமா?

"வயசாச்சு, கை மெதுவாயிடுச்சு" என்று வீட்டில் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். அவ்வளவு சுலபமில்லை.

க்ளெம்பரர் 1885-ல் பிறந்த ஜெர்மானிய யூதர். 1907-ல் மாலரே சிபாரிசு செய்து அவருக்கு பிராக் நகரில் வேலை கிடைத்தது. 1927 முதல் 1931 வரை பெர்லின் க்ரோல் ஓப்பராவில் புதுமைகள் செய்து பேரும் வாங்கினார், திட்டும் வாங்கினார். அப்போதெல்லாம் ஆள் படுவேகம். 1933-ல் நாஜிகள் வந்ததும் ஊரைவிட்டுக் கிளம்பி லாஸ் ஏஞ்சலஸ் போய்ச் சேர்ந்தார். 1939-ல் மூளையில் கட்டி, அறுவை சிகிச்சை. வலது பக்கம் ஓரளவு செயலிழந்தது. 1951-ல், அந்த ஆம்ஸ்டர்டாம் கச்சேரி முடிந்த சில மாதங்களில், மான்ட்ரியால் விமான நிலையத்தில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். பிறகு பல காலம் நாற்காலியில் உட்கார்ந்துதான் நடத்தினார். 1958-ல் படுக்கையில் புகைபிடித்து, தீப்பிடித்து, பல மாதம் ஆஸ்பத்திரி. (மனிதர் பட்டது கொஞ்சமா!)

உடம்பு தளர்ந்ததால் வேகம் குறைந்தது என்பதில் பாதி உண்மை இருக்கலாம். ஆனால் அந்த 79 நிமிடமே பலரைவிட வேகம்தான். பெர்ன்ஸ்டைனின் 1987 பதிவு 90 நிமிடத்தைத் தாண்டும். அதாவது, கிழவர் இழுக்கவில்லை. நிதானப்படுத்தினார்.

1959-ல் பதிவான பீத்தோவனின் மூன்றாவது சிம்பொனியைக் கேளுங்கள். இரண்டாம் பகுதி சவ ஊர்வலம். இரண்டாம் வயலின்களை வலது பக்கம் உட்கார வைப்பது அவர் வழக்கம். அதனால் இரண்டு அணியும் பேசிக்கொள்வது தனித்தனியாகக் கேட்கும். புல்லாங்குழலும் ஓபோவும் வயலின் வெள்ளத்தில் முங்காமல் மேலே நிற்கும். நம்ம பாட்டில் சவுக்க காலம் எடுத்தால் பாடகருக்கு ஒளிய இடமிருக்காது இல்லையா? அதேதான். காலப்பிரமாணம் மட்டும் அசையாது.

எல்லாம் பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். 1968-ல் பதிவான மாலரின் ஏழாவது சிம்பொனி சுமார் 100 நிமிடம். மற்றவர்கள் 80-க்கு முன்பின் முடிப்பார்கள். மூன்று முறை முயன்றும் எனக்கு முடியவில்லை.

இன்னொரு விஷயம். 1964-ல் அவருடைய லண்டன் ஆர்க்கெஸ்ட்ராவான பில்ஹார்மோனியாவை அதன் நிறுவனர் வால்டர் லெக் கலைப்பதாக அறிவித்தார். வாத்தியக்காரர்கள் தாங்களே நிர்வகிப்பது என்று முடிவெடுத்து, நியூ பில்ஹார்மோனியா என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். க்ளெம்பரர் அவர்கள் பக்கம் நின்றார். அந்த அக்டோபரில் முதல் கச்சேரி, பீத்தோவன் ஒன்பதாவது சிம்பொனி. நடத்தியவர் 79 வயதுக்காரர். 1971 வரை மேடையேறி, 1973-ல் ஜூரிக்கில் காலமானார்.

பார்சிப் பெரியவரிடம் 71 நிமிட சிடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மற்றது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அவரும் கேட்கவில்லை.