சிறுநீர் வந்த பிறகு: உயிருள்ளோர் சிறுநீரகக் கொடையில் உடல் தேறும் தொடக்கக் காலம் – கடலூர், சிதம்பரம் வட்டாரத்தை முன்வைத்து

உயிருடன் இருப்பவர் தரும் சிறுநீரகம் பெரும்பாலும் அறுவை மேசையிலேயே சிறுநீர் சுரக்கத் தொடங்கிவிடும். இறந்தவரிடமிருந்து பெறும் சிறுநீரகம் குளிரில் பல மணி நேரம் காத்திருந்து வருவதால் சில நாள் சுணங்குவதுண்டு. அதுவரை டயாலிசிஸ் தொடரும். இதனால் உயிருள்ளோர் கொடையில் முதல் வாரங்கள் கவலையற்றவை என்ற எண்ணம் பரவியிருக்கிறது. வரலாறு அதற்கு இடம் தரவில்லை. சிறுநீர் வரவைப்பது மருத்துவத்துக்கு முதலிலேயே கைகூடிவிட்டது. வந்தது நின்றுபோகாமல் காக்கத்தான் பல பத்தாண்டுகள் பிடித்தன.

1952 டிசம்பர் இறுதியில் பாரிஸின் நெக்கர் மருத்துவமனையில் ழான் ஆம்பூர்ழே குழுவினர் ஒரு தாயின் சிறுநீரகத்தை அவருடைய மகனுக்குப் பொருத்தினர். அது உடனே வேலை செய்தது. 22ஆம் நாள் உடல் அதை நிராகரித்தது. நீண்டகால டயாலிசிஸ் இல்லாத காலம் அது. மகன் பிழைக்கவில்லை. 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் ஜோசப் மரே, ரொனால்ட் ஹெரிக்கின் சிறுநீரகத்தை அவருடன் பிறந்த ஒத்த இரட்டையரான ரிச்சர்டுக்குப் பொருத்தினார். இரட்டையர் என்பதால் நிராகரிப்பு எழவில்லை; ரிச்சர்ட் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். மற்றவர்களுக்கு வழி திறந்தவை 1960களின் தொடக்கத்தில் வந்த, எதிர்ப்பாற்றலை ஒடுக்கும் அசாதியோப்ரினும் ஸ்டீராய்டும். ஆனால் அன்றைய ஸ்டீராய்டு அளவு மிக அதிகம். நிராகரிப்பில் தப்பியவர்களில் பலர் தொற்றில் மடிந்தனர். காயம் ஆறத் தாமதித்தது. நோயாளிகள் தனியறைகளில் அடைபட்டுக் கிடந்தனர்.

இந்தியாவில் முதல் வெற்றி அந்தக் காலத்து மருந்துகளோடுதான் வந்தது. 1971இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் கே.வி. ஜானி, மோகன் ராவ் ஆகியோரின் குழு அதைச் செய்தது. சிதம்பரத்திலிருந்து வேலூருக்கு அன்று விழுப்புரம், திருவண்ணாமலை வழியாக மீட்டர் கேஜ் ரயில்தான். காய்ச்சல் கண்ட அன்றே போய்ச் சேர வேண்டிய நோயாளிக்கு அது எளிய தொலைவல்ல. 1980களில் சைக்ளோஸ்போரினும் 1990களில் டாக்ரோலிமஸும் எனப் புதிய மருந்துகள் வந்தபின் முதலாண்டு நிராகரிப்பு பெரிதும் குறைந்தது. அதே காலத்தில் சென்னை வில்லிவாக்கத்தில் சிறுநீரக விற்பனை பெருகியது. 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் அதைக் குற்றமாக்கி, நெருங்கிய உறவினர் கொடையை முறைப்படுத்தியது.

இன்றைய நடைமுறையில் புதிய சிறுநீரகம் அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் வைக்கப்படுகிறது. பழையவை பெரும்பாலும் அப்படியே விடப்படும். முதல் நாளில் பல லிட்டர் சிறுநீர் போகலாம். அதை மணிக்கு மணி அளந்து, ஈடாகச் சலைன் ஏற்றுவதே செவிலியரின் தலையாய வேலை. ஓரிரு நாளில் நோயாளி எழுந்து நடக்கிறார். சில நாட்களில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் இயல்பு நிலையை நெருங்கும்; சிறுநீர்க் குழாய் எடுக்கப்படும்; சிக்கல் இல்லையென்றால் பத்து நாள் அளவில் வீடு திரும்பலாம். சிறுநீர்ப் பாதையின் உள்ளே வைத்த டி.ஜே. ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் சில வாரங்கள் கழித்து எடுக்கப்படும்.

ஆனால் இடர் மிகுந்த காலம் அதன்பின்னும் நீள்கிறது. எதிர்ப்பாற்றலை ஒடுக்கும் மருந்து உச்ச அளவில் இருக்கும் முதல் மூன்று மாதங்களில் நிராகரிப்பும் தொற்றும் ஒருசேர மிரட்டும். சிறுநீர் குறைவது, எடை கூடுவது, காய்ச்சல், பொருத்திய இடத்தில் வலி ஆகியவை எச்சரிக்கைகள். நிராகரிப்பு பல நேரம் எந்த வலியும் தராமல் கிரியாட்டினின் உயர்வாக மட்டும் தெரியும் என்பதால்தான் அடிக்கடி ரத்தப் பரிசோதனை.

கடலூர் மாவட்டத்தவருக்கு இந்தக் கண்காணிப்பு நெருங்கி வந்தது அண்மையில்தான். புதுச்சேரி ஜிப்மரில் 2012இல் சிறுநீரக மாற்று தொடங்கியது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்ததும் அதே ஆண்டுதான். சிதம்பரத்தில் 1985இல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 2021இல் அரசின் சுகாதாரத் துறைக்கு மாறியது. இருந்தும் மாற்றுச் சிகிச்சையின் கண்காணிப்புக்குச் சிதம்பரத்திலிருந்து புதுச்சேரிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல் பயணம் மிச்சமிருக்கிறது. டாக்ரோலிமஸ் அளவைக் காலை மாத்திரைக்கு முன் எடுத்த ரத்தத்தில்தான் பார்க்க வேண்டும். எனவே மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே பேருந்து ஏற வேண்டியிருக்கிறது.

ஊரின் இயல்பும் கணக்கில் சேர்கிறது. கோடையில் வியர்வையால் உடல் வறண்டாலே கிரியாட்டினின் ஏறும். 2011 டிசம்பர் 30இல் கரையைக் கடந்த தானே புயலும் 2015 நவம்பர் வெள்ளமும் இந்த மாவட்டத்தில் சாலையையும் குடிநீரையும் ஒன்றாகக் கெடுத்தன. மாத்திரை ஓரிரு நாள் தவறுவதும் கொதிக்க வைக்காத நீரும் இந்நோயாளிக்குச் சிறிய தவறுகள் அல்ல. மழைக்காலத்துக்கு முன் சில வார மருந்தைக் கையிருப்பாகத் தருவது எந்தப் புதிய கருவியையும்விட இங்கு பயன் தரும்.

கொடையாளரின் மீட்சி மருத்துவ எழுத்துகளில் குறைவாகவே பேசப்படுகிறது. இந்தியாவில் கொடுப்பவர் பெரும்பாலும் தாய் அல்லது மனைவி. வீடு திரும்பியதும் நோயாளியைப் பார்த்துக்கொள்வதும் அவரே. 1995இல் அமெரிக்காவின் பால்டிமோரில் தொடங்கிய லேப்ராஸ்கோப்பி முறை, விலாவோரம் நீளமாக அறுக்கும் தேவையை நீக்கி அவருடைய வலியைக் குறைத்தது. சில வாரங்களுக்குப் பளு தூக்கக் கூடாது என்பது மட்டும் மாறவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை ரத்த அழுத்தம், கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் ஆகிய மூன்றையும் அவர் பார்த்துக்கொள்ள வேண்டும். இவற்றுக்குப் புதுச்சேரி செல்லத் தேவையில்லை, கடலூர் அரசு தலைமை மருத்துவமனையோ சிதம்பரம் மருத்துவக் கல்லூரியோ போதும்.