தோட்டத்து நாவலும் சப்பிரகமுவ வாழ்வும்

இலங்கையின் மலையகம் என்றதும் பலருடைய மனக்கண்ணிலே பனிமூடிய தேயிலைக் குன்றுகளும் கூடை சுமந்த பெண்களுமே தோன்றுகின்றன. நாவல்கள் வளர்த்த காட்சியும் பெரும்பாலும் அதுவே. ஆனால் தோட்டத் தமிழர் வாழ்வு நுவரெலியாவோடு முடிந்து விடுவதன்று. 1889ஆம் ஆண்டிலே தனி மாகாணமாக அமைந்த சப்பிரகமுவவில், இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களிலும் அவர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்து வந்துள்ளனர். அங்கே தேயிலையோடு இறப்பரும் உண்டு. கேகாலைப் பகுதியிலே இறப்பரே சிறப்பு. இவ்வாழ்வை உரைகல்லாகக் கொண்டு நோக்கின், தோட்டத்து நாவலை எழுதுவோர்க்கும் மதிப்பிடுவோர்க்கும் உரிய கடமை யாதென்பது விளங்கும்.

தோட்டங்களிலே நாவலுக்கு முன்னர்ப் பிறந்தது பாட்டு. கோப்பிப் பயிரைப் பற்றி ஆபிரகாம் ஜோசப் இயற்றிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' 1869ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. எழுத்தறியாத் தொழிலாளரோ தம் துயரத்தையும் கேலியையும் வாய்ப்பாட்டாகவே வைத்திருந்தனர். மடக்கும்புரத் தோட்டத்திலே 1914ஆம் ஆண்டு பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை அப்பாடல்களைத் தொகுத்தார். தாமே நாவல்களும் எழுதினார். பாட்டு ஒரு கணத்தின் வேதனையைப் பிடித்து வைக்கும். அந்த வேதனை எங்கிருந்து வந்தது, அடுத்த தலைமுறையில் அது என்னவாயிற்று என்று காட்டுவது நாவலின் வேலை.

அவ்வேலையை மேற்கொண்டவர்கள் வெவ்வேறு தொலைவுகளில் நின்று எழுதினர். புதுமைப்பித்தன் 1935ஆம் ஆண்டிலே எழுதிய 'துன்பக்கேணி' அளவிலே நாவலன்று, நெடுங்கதை. தமிழ்நாட்டு எழுத்தாளர் ஒருவர், கடலுக்கு அப்பாற் சென்ற ஏழைகளின் நிலையைத் தம் நாட்டு மக்களுக்குச் சுட்டிக் காட்டிய கதை அது. அதன் சினம் உண்மையானது. ஆயினும் அது தாயகக் கரையில் நின்று நோக்கும் பார்வை. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' 1964ஆம் ஆண்டு வெளிவந்தது. தோட்டத்துப் பெண்ணின் வாழ்வு நாவலின் நடுவே வந்து அமர்ந்தது இதன் சிறப்பு. யாழ்ப்பாணத்தவரான தி. ஞானசேகரன் தோட்ட வைத்தியராகப் பணி புரிந்தவர். தோட்ட நிலம் பறிபோகாமற் காக்கத் தொழிலாளர் நடத்திய போராட்டத்தை அவர் 1979ஆம் ஆண்டு வெளியான 'குருதிமலை'யிலே எழுதினார். தோட்டத்திலேயே பிறந்த தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' 1974ஆம் ஆண்டு வீரகேசரிப் பிரசுரமாக வந்தது.

தோட்டத்திற் பிறந்தவர்தாம் தோட்டத்தைப் பற்றி எழுதலாம் என்று கொள்வது தவறு. அருகிலிருந்தும் காணாதோர் உண்டு. தொலைவிலிருந்தும் கண்டோர் உண்டு. ஆயினும் எழுத்தாளர் எவ்விடத்தில் நிற்கிறார் என்பதை விமரிசகர் அறிந்திருத்தல் வேண்டும். கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' 1968ஆம் ஆண்டு வெளிவந்தது. நாவலைச் சமுதாயத்தோடு இணைத்து நோக்கும் முறையை அது வலியுறுத்திற்று. அம்முறையால் நன்மை மிக விளைந்தது. எனினும் அதனைக் குறுக்கிக் கையாண்ட மதிப்புரைகளிலே ஒரு குறை புகுந்து விடுவதுண்டு. கதை ஏழைகளைப் பற்றியது என்பதனாலேயே அது நல்ல கதையாகி விடாது. இரக்கம் நாவலுக்கு வாயில், வீடு அன்று.

சப்பிரகமுவவின் இறப்பர்த் தோட்டத்தை எண்ணிப் பார்த்தால் இது தெளிவாகும். அங்கே பால்வெட்டு விடியற்காலை வேலை. குளிர்ந்த பொழுதிலேதான் மரத்தில் பால் நன்கு சுரக்கும். பட்டையைச் சாய்வாகச் சீவுதல் வேண்டும். கத்தி ஆழச் சென்றால் மரம் கெடும். சிரட்டையில் வடிந்த பாலை வாளியிற் சேர்த்து நிறுவைக்குக் கொண்டு செல்வர். பட்டையில் உறைந்த ஒட்டுப்பாலையும் உரித்தெடுப்பர். மழை பெய்து பட்டை நனைந்தாலோ பால்வெட்டு இல்லை. தேயிலை மலையைப் பாடும் நாவலிலே மழை அழகிய காட்சியாகலாம். மழை மிகுந்த சப்பிரகமுவவில் இறப்பர்த் தொழிலாளிக்கு அது வேலையற்ற நாள். அடுப்பைப் பற்றிய கவலை. இந்த வேறுபாட்டை அறியாதார் எழுதும் மழை, எத்துணை அழகாயினும் பொய்ம்மழையே.

அண்டை வாழ்வும் அத்தகையதே. இப்பகுதித் தோட்டங்கள் பல சிங்களக் கிராமங்களுக்கு இடையே அமைந்தவை. கிராமத்தவரும் அத்தோட்டங்களிலே தொழில் செய்வர். கடையிலும் ஆற்றங்கரையிலும் இரு மொழிகளும் கலந்து புழங்கும். அவ்வுறவிலே நட்பும் இருந்தது. 1977ஆம் ஆண்டும் 1981ஆம் ஆண்டும் வன்செயல்களால் அது முறிந்ததும் உண்டு. 1981ஆம் ஆண்டு ஆகஸ்டிலே இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் லயங்கள் தீக்கிரையாயின. அக்காலத்திலே வடக்கே வவுனியாவை நாடிச் சென்ற தோட்டக் குடும்பங்களும் பல. அதற்கு முன்னரே, 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்த 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம், ஒரே குடும்பத்தைக் கடலின் இரு கரைகளிலும் பிரித்து வைத்தது. இவற்றை எழுதும் நாவலாசிரியர்க்கு இரு மொழிக்கும் செவி வேண்டும். தீ வைத்தவனையும், அயல்வீட்டாரை ஒளித்து வைத்துக் காத்தவனையும் ஒரே ஊரவராகக் காணும் துணிவும் வேண்டும்.

தோட்டத்துச் செக்ரோலிலே ஒரு மனிதனின் பெயரும் வேலை நாளும் கூலியும் பதிந்திருக்கும். அவன் எதற்கு அஞ்சினான், எவரை நேசித்தான், எதை விட்டுச் சென்றான் என்பன அதில் இரா. லயங்கள் இடிந்து, குடும்பங்கள் கலைந்து, பாட்டியர் வாய்ப்பாட்டும் மறைந்து போகும்போது, அக்கணக்கு மட்டுமே வரலாறாக எஞ்சும். அவ்வாறு எஞ்சாமற் காப்பதே எழுதுவோர் பொறுப்பு. பால்வெட்டும் கையின் வழக்கம் தவறாமல் வந்துள்ளதா என்று முதலிற் கேட்டு, பின்னரே கதையின் கருத்தைப் பற்றிப் பேசுதல் விமரிசகர் பொறுப்பு. அதைச் சரியாகச் சொல்லக்கூடியவர் அத்தோட்டத்து வாசகர். அவரது தலையசைப்பே நாவலுக்குக் கிடைக்கும் முதல் மதிப்புரை.